சூசை நாக்கில் வைத்த உப்பு

சூசை இறந்த செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். சாந்தோம் கரையிலிருந்து மீன் கொண்டுவரும் ஒருத்தி, கூடையோடு ஏணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா பெயிண்டரே, நிம்மதியா எழுதிக்கினு கீறே? உன் கூட்டாளியப் பொதைச்சு மூணு நாளாச்சே, தெரியாதா?"

"எந்தக் கூட்டாளி?" என்றேன். தெரிந்துதான் கேட்டேன். எனக்கு இருந்த கூட்டாளி ஒருவர்தான்.

"பொம்மைக்கார சூசைதான். உனக்கு யாரும் சொல்லலையா? அது சரி, யாரு சொல்லுவா."

பலகையைப் பாதியில் விட்டு இறங்கினேன். கடைக்காரர் பின்னாலிருந்து கத்தினார். கத்தட்டும் என்று நடந்தேன்.

அடக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று லூர்து அண்ணியைக் கேட்டேன். சூசையின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவது. "பொட்டி தூக்க நாலு பேரு. சாமியாரு, உபதேசியாரு, நானு. அவ்ளதான்" என்றார். இருபது வருஷம் இந்தக் கரையில் உள்ளவர்களின் முகங்களை மண்ணில் செய்து வைத்த மனிதர் அவர். வலைக்காரன், கருவாட்டுக்காரி, தோணியில் பிசின் பூசுகிறவன், நண்டு விற்கிற கிழவன் என்று ஒருவரையும் விட்டதில்லை. அந்த முகங்களில் ஒன்றுகூட அவர் பெட்டிக்குப் பின்னால் நடக்கவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்த முகங்களுக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

"எனக்கு ஏன் அண்ணி சொல்லி அனுப்பலை?" என்று கேட்டேன்.

"நீயா வருவேன்னு இருந்தேன் தம்பி. ரெண்டு மாசமா அவுரும் அதயேதான் சொல்லிக்கினு இருந்தாரு."



நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுதி, எழுதியதை வாசித்து, அப்படியே படிக்க வந்தவன். இந்தப் பத்திரிகைக்காரர் இரண்டு பக்கம் தருகிறேன் என்றார். யாரையும் குற்றம் சொல்லாமல் நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். முதலாவதற்கு நன்றி. இரண்டாவது என்னால் ஆகாது.

சூசையை நான் முதலில் பார்த்தது லஸ் முனையில். ஒரு ஜவுளிக் கடையின் பலகைக்கு நிழல் எழுத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதர் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே ஒரு சாண் உயரத்தில் சுட்ட மண் பொம்மை. இடுப்பில் கூடை, தூக்கிச் செருகிய சேலை, யாரையோ அதட்டப் போகிறவள் மாதிரி நிமிர்ந்த முகவாய். கண் மட்டும் எழுதவில்லை. "எனக்குக் கையி வரும். கண்ணு வராது. நீ போட்டுக் குடு நைனா" என்றார். அங்கேயே, ஜவுளிக் கடைக்காரரின் கறுப்பு வர்ணத்தில், இரண்டு கண் எழுதினேன். சூசை பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயையோ, என் பொண்டாட்டி! இன்னும் ஒரு நிமிசம் வுட்டா திட்டுவா" என்றார். அன்று தொடங்கியது எங்கள் கூட்டு.

வருஷத்தில் இரண்டு பருவம் எங்களுக்கு. நவராத்திரிக்கு மயிலாப்பூர் கொலுக்களுக்கான பொம்மைகள். அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான பொம்மைகள். ஒரே மண், ஒரே சூளை. சூசை உருவம் பிடித்துச் சுடுவார். மண்ணைக் கழுவுவதும் வர்ணம் தீட்டுவதும் என் வேலை.

மண்ணைக் கழுவுவது என்றால் என்ன என்று சொல்லவேண்டும். மற்ற பொம்மைக்காரர்கள் குளத்து மண்ணிலும் ஏரி மண்ணிலும் செய்வார்கள். சூசை அடையாற்று முகத்துவாரத்துச் சேற்றில்தான் செய்வார். கடலும் ஆறும் கலக்கிற இடத்து மண், உப்பு ஊறியது. அதைப் பீப்பாயில் கரைத்துக் கலக்கி, தெளியவிட்டு, மேல் நீரை இறுத்துவிட்டு, மறுபடி நல்ல தண்ணீர் ஊற்றவேண்டும். இப்படி ஏழு தடவை, சில சமயம் பத்துத் தடவை. உப்பு மிச்சமிருந்தால் பொம்மையைச் சுட்ட பிறகும் மழைக்கால ஈரத்தில் மேலே பூத்துவிடும், வர்ணம் உரிந்துவிடும். மாம்பலத்து ஏரியைத் தூர்த்து வீடு கட்ட ஆரம்பித்த வருஷங்களில், "அங்க நல்ல களிமண்ணு சும்மா கொட்டிக் கெடக்குது, நாலு வண்டி அடிச்சிக்கலாம். எனக்கும் இடுப்பு மிச்சம்" என்று சண்டை போட்டேன். சூசை அசையவில்லை. "ஏரி மண்ணுல ஏரிக்கரை ஆளுதான் வருவான் ஏழுமல. நம்ம ஆளுக்கு நம்ம மண்ணுதான்" என்றார். அது பைத்தியக்காரத்தனம் என்று அப்போது சொன்னேன். பிறகு அந்தச் சேற்றின் சாம்பல் கறுப்பு சூளையில் சிவந்து எங்கள் கரை ஆட்களின் தோல் நிறத்துக்கு வருவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

உப்பு போனதா என்று பார்க்க ஒரே வழிதான் இருந்தது. ஒரு சிட்டிகை மண்ணை நாக்கு நுனியில் வைப்போம். கரித்தால் இன்னொரு தண்ணீர். முதலில் நான் வைப்பேன், பிறகு சூசை வைப்பார். இருவருக்கும் கரிக்கவில்லை என்றால்தான் உருவம் பிடிக்க மண்ணைத் தொடுவார். மண் கழுவுகிற நாட்களில் வெற்றிலை, புகையிலை, ஊறுகாய் எதையும் வாயில் போடக்கூடாது என்பது அவர் சட்டம்.

கொலுப் பருவத்தில் வடக்கு மாட வீதியில் விரித்து உட்காருவோம். எல்லாரும் சாமி பொம்மை விற்பார்கள். நாங்கள் மட்டும் கரைக்காரர்களை விற்றோம். ஒரு மாமி, வருஷா வருஷம் வருகிறவர், கருவாட்டுக்காரியைக் கையில் எடுத்துப் பார்த்து முகம் சுளித்தார். "ஏம்ப்பா, இவளைக் கொண்டு போய் எங்காத்துக் கொலுவுல எந்தப் படியில வெக்கறது?"

"செட்டியாரு பொம்மைக்குப் பக்கத்துல வெயிங்கம்மா. அவுரு பாட்டுக்குக் கடைய விரிச்சுக்கினு குந்தினு கீறாரு. பேரம் பேச ஒருத்தி வாணாமா?" என்றார் சூசை.

மாமி சிரித்துவிட்டார். வாங்கிக்கொண்டும் போனார். அடுத்த வருஷம் வந்து, "பேரம் படியலைப்பா, செட்டியார் எளைச்சுண்டே வரார்" என்றார். அப்படித்தான் எங்கள் கரைக்காரர்கள் மயிலாப்பூர் வீடுகளுக்குள் போனார்கள்.

குடிலிலும் அவர் அதையே செய்தார். கரையோரச் சிற்றாலயத்துக்கு அவர் செய்த குடிலில் மாதாவின் கணவர் சூசையப்பருக்குத் தலையில் கட்டுமரக்காரன் குல்லா. இடையர்கள் ஆட்டுக்குப் பதில் வலையைத் தோளில் போட்டு வந்தார்கள். மூன்று ராஜாக்களில் ஒருவர் அத்தர் விற்கிற பாயின் சாடை. பாயே வந்து பார்த்துவிட்டு, "நம்மள ராஜா ஆக்கினே, சரி. தாடியக் கொஞ்சம் கறுப்பாக்கக் கூடாதாய்யா?" என்று குறைப்பட்டுக்கொண்டார். மாதாவும் கரைப் பெண்தான். முழங்காலில் துணி விரித்து, பிள்ளையைப் பார்த்தபடி இருப்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன் அந்த மாதா பொம்மை தவறி விழுந்து உடைந்தது. புதிதாக ஒன்று செய்யவேண்டியிருந்தது. அதற்கு மண் கழுவிய அன்று, அபிராமபுரத்தில் ஒரு கல்யாணப் பந்தலுக்கு முகப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வயிறாரச் சாப்பாடு போட்டு, வெற்றிலைத் தட்டை நீட்டினார்கள். இரண்டு தரம் போட்டேன். திரும்பி வந்தபோது சூசை காய்ச்சலில் படுத்திருந்தார். "என் நாக்கு வேப்பங்காயாட்டம் கெடக்குது. நீ பாத்து சொல்லு, போதும்" என்றார். நான் மண்ணை நாக்கில் வைத்தேன். சுண்ணாம்பு சுட்ட நாக்குக்கு என்ன தெரியும்? "சரியா கீது" என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். பொம்மைகளின் முகம் முழுவதும் வார்னிஷ் பூசும் நான், கண்ணுக்கு மட்டும் பூசுவதில்லை. பளபளத்தால் பார்வை கெட்டுவிடும் என்பது என் பிடிவாதம். கண்ணையும் சேர்த்துப் பூசு என்று சூசை பலமுறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டதில்லை, இந்த மாதாவின் கண்ணையும் பூசாமலே விட்டேன்.

அந்த வருஷம் கார்த்திகைப் புயலில் ஒரு கட்டுமரம் திரும்பவில்லை. அதில் போனவர்களில் பிலோமினாவின் புருஷனும் ஒருவன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். மூன்று வாரம் கழித்தும் அவள் தாலியைக் கழற்ற மறுத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை குடில் முன்னால் முழங்காலிட்டிருந்தவள் வீறிட்டாள். மாதாவின் இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"எனக்காவ அழுவுறா! எனக்காவ அழுவுறவ என்னை சும்மா வுடமாட்டா. அவரக் கொண்டாந்து சேப்பா!"

அன்று மாலைக்குள் கரை முழுவதும் அங்கே நின்றது. மறுநாள் மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார்கள். பிலோமினா குடிலை விட்டு நகரவில்லை. புருஷன் வரும் வரைக்கும் ஒருசந்தி நோன்பு என்று தண்ணீர் மட்டும் குடித்தாள்.

சூசையும் நானும் முதல் நாளே பார்த்தோம். மண்ணில் தங்கிய உப்பு, வார்னிஷ் இல்லாத கண் வழியாகக் கசிகிறது என்று பார்த்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. வெளியே வந்ததும் சூசை என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறாம் நாள் அவர் வீட்டில் சண்டை வந்தது.

"விடு நைனா. யாருக்கு இன்னா நஷ்டம்? ஊரே சந்தோசமா கீது" என்றேன்.

"அந்தப் பொண்ணு ஆறு நாளாத் துன்னாம கீது. அவன் வரமாட்டான் ஏழுமல. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம கழுவாத உப்ப நம்பிக்கினு அது சாவணுமா?"

நாம கழுவாத உப்பு என்றார். கழுவியது நான் மட்டும்.

"சொன்னா உன்னை வெட்டிப் போடுவானுங்க."

"போடட்டும். நான் செஞ்ச பொம்ம பொய் சொல்லக் கூடாது."

எட்டாம் நாள் காலை அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடிலருகே போனார். நான் செருப்புகள் கிடக்கிற வாசலில் நின்றேன். "சாமி, மாதா அழுவல. மண்ண நான் சரியா கழுவல. முகத்துவாரத்து உப்பு ஈரத்துக்குக் கசியுது. அவ்ளதான்" என்றார்.

ஆலயத்துச் சாமியார் நல்ல மனிதர். "சூசை, யோசித்துப் பேசு" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "காலையிலேயே ஊத்திக்கினு வந்துகிறான், தள்ளுங்கடா" என்றான். சூசை விரலால் மாதாவின் கன்னத்தைத் தொட்டு, அந்த ஈரத்தை நாக்கில் வைத்தார். கூட்டம் ஐயோ என்றது.

"கரிக்குது சாமி. நீங்களே பாருங்க."

"கண்ணீரும் கரிக்குந்தானேடா!" என்று ஒரு கிழவர் கேட்டார்.

இருபது வருஷம் எதை நாக்கில் வைத்து உண்மை கண்டாரோ அது அன்று அவருக்கு உதவவில்லை. பிறகு குனிந்து பொம்மையைத் தூக்கி, தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். வர்ணம் படாத அடிப்பாகம் முழுவதும் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது.

பிலோமினா எழுந்தாள். எட்டு நாள் பட்டினியில் நிற்கக்கூட முடியாதவள். வந்து சூசையின் கன்னத்தில் அறைந்தாள். அவர் பொம்மையைக் கீழே விடாமல் அணைத்துக்கொண்டு நின்றார்.

வாசலிலிருந்து குடில் வரை இருபது அடி இருக்கும். "அவர் இல்லை, கழுவியது நான்" என்று சொல்ல நாலு வார்த்தை போதும். நான் நடக்கவில்லை, சொல்லவும் இல்லை. பயம் என்று சொல்லமுடியாது. என் வேலையில் குறை என்று இன்னொருவர் சொல்லி நான் ஒத்துக்கொண்டதே கிடையாது. அன்றும் ஒத்துக்கொள்ள வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கை ஓய்ந்தது. நம்பினவர்கள், மாதாவின் தாயன்பைப் பொய்யாக்கினவன் என்றார்கள். நம்பாதவர்கள், கூட்டத்தில் தங்களையும் முட்டாளாக்கினவன் என்றார்கள். அடுத்த வருஷம் குடிலுக்குக் கப்பலில் வந்த சுண்ணப் பொம்மைகள் நின்றன, ரோஜா நிறக் கன்னத்தோடு. மாட வீதியில் எங்கள் விரிப்பைத் தாண்டிப் போனார்கள். அந்த மாமி மட்டும் நின்றார். "எங்காத்துக் கருவாட்டுக்காரி அப்படியேதான் இருக்கா, ஒரு பொட்டு உரியலை. ஆனா புதுசு வேண்டாம்ப்பா. கோவில் பொம்மையையே நாக்குல வெச்சவர்னு பேசிக்கறா" என்று சொல்லிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சூசை வலைக்குக் கட்டும் மண் குண்டுகளை உருட்ட ஆரம்பித்தார். குண்டுக்குக் கண் எழுதவேண்டாம். அதனால் நானும் வேண்டியதில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் போய் உட்காருவேன். ஒருநாள், எதுவும் கேட்காமல் அவராகவே பேசினார்.

"அன்னிக்கு நீ மண்ண வாயில வெச்சப்போ உன் வாயி செவந்து இருந்துச்சு ஏழுமல. நான் பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்தே?"

"கேட்டா நீ கோச்சிக்குவே. ஒரு வாரம் பேசமாட்டே. காய்ச்சல்ல கெடந்தேனா, உன்னாண்ட மல்லுக்கு நிக்கத் தெம்பு இல்ல. அதான் வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

அவர் குத்திக்காட்டவில்லை. மண் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிறு போவது குறைந்தது. கடைசி இரண்டு மாதம் போகவே இல்லை. அவர் குண்டு உருட்டுவதைப் பார்க்க முடியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படுத்துவிட்டார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் போயிருப்பேனா என்பதும் தெரியாது.

அண்ணியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பிலோமினாவிடம் போனேன். இப்போது கருவாடு காயவைத்து விற்கிறாள். வெயிலில் பாயை உதறிக்கொண்டிருந்தாள். மண்ணைக் கழுவியது நான், வெற்றிலை போட்ட வாயால் சரி என்று சொன்னதும் நான், சூசை மேல் தப்பில்லை என்று நின்றபடியே சொன்னேன். ஏழு வருஷம் கழித்து.

அவள் பாயை விரித்து முடித்தாள். "எனக்கு மொத நாளே தெரியும் பெயிண்டரே. முந்தானியில தொடைச்சு வாயில வெச்சுப் பாத்தேன். சேத்து நாத்தம் அடிச்சுது. கண்ணீருல சேறு நாறுமா?"

"தெரிஞ்சுமா எட்டு நாளு பட்டினி கெடந்தே?"

"ஊரே எனக்கு வெள்ளப் பொடவ எடுத்து வெச்சிக்கினு நின்னுச்சு. அந்தப் பொம்ம அழுதுக்கினு இருந்த வரிக்கும் அத்த எடுத்துக்கினு ஒருத்தரும் என் கிட்ட வரல. எட்டு நாளு நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன். அத்த உங்க சூசை வந்து புடுங்கிட்டாரு."

"செத்துப் போயிருப்பே, பிலோமினா."

"அது என் பாடு." கருவாட்டை ஒவ்வொன்றாகப் பாயில் அடுக்கினாள். "நல்லவருதான். அடக்கத்துக்குப் போவணும்னுதான் இருந்துச்சு. போனா அழுதுடுவேன்னுதான் போவல. போ, வெயில்ல நிக்காத."

அவர் உண்மையைச் சொன்னது அவளைக் காப்பாற்றியதா, கெடுத்ததா, எனக்குத் தெரியவில்லை. அவர் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். ஒருவேளை கேட்டிருக்கமாட்டேன்.

அவர் செய்த பொம்மை ஒன்றுகூட என்னிடம் இல்லை. எல்லாம் உங்கள் வீடுகளில் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஏழு வருஷமாக அவர் பெயரில் கிடந்த ஒரு பிழை. அதை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். உப்பை விட்டவன் நான். கண்ணை வார்னிஷ் பூசாமல் திறந்து வைத்தவன் நான். வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றவன் நான். சூசையை இனி யாரும் ஏசவேண்டாம். ஏச வேண்டுமென்றால் நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன். வாருங்கள்.